அடுத்தவர் படைத்த உலகத்துக்குள் நாவல் எழுதுவது எப்படி: டிமோத்தி ஸான் காட்டிய வழி

ஸ்டார் வார்ஸ் போல ஏற்கெனவே ஏராளமானவர்கள் மனதில் குடியேறிவிட்ட ஓர் உலகத்துக்குள் கதை எழுத ஆசையா? ரசிகராக எழுதினாலும் சரி, உரிமையாளர்களே கூப்பிட்டு எழுதச் சொன்னாலும் சரி, முதலில் டிமோத்தி ஸானின் மூன்று ஸ்டார் வார்ஸ் நாவல்களைப் படித்துவிடுங்கள். 'எயர் டு தி எம்பயர்' (1991), 'டார்க் ஃபோர்ஸ் ரைசிங்' (1992), 'தி லாஸ்ட் கமாண்ட்' (1993). கதைக்காக ஒரு தடவை, அப்புறம் அந்த மனிதர் எப்படி வேலை செய்திருக்கிறார் என்று பார்ப்பதற்காக இன்னொரு தடவை. கீழே முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

அன்றைய நிலவரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1983-இல் மூன்றாவது படம் வந்ததோடு திரையில் கதை முடிந்துபோனது, மார்வெல் போட்டுக்கொண்டிருந்த காமிக்ஸ் 1986-இல் நின்றது. இயற்பியல் படித்து, முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுத வந்து, 1984-இல் ஒரு குறுநாவலுக்காக ஹியூகோ விருதும் வாங்கியிருந்த ஸானிடம் அந்தக் கதையை நாவல்களாகத் தொடரும் வேலை வந்து சேர்ந்தது. முதல் புத்தகமே நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதற்குப் பின்னால் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருந்த ஸ்டார் வார்ஸ் நாவல்களுக்குக் கதவைத் திறந்தது அதுதான்.

சரி, அவர் செய்ததை நாம் எப்படிச் செய்வது?

முதலில், அந்த உலகத்தில் எது காலியாகக் கிடக்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு எந்தப் பாத்திரம் பிடிக்கும் என்பதை அப்புறம் யோசிக்கலாம். படத்தின் முடிவில் பேரரசனும் செத்தாயிற்று, அவனுடைய கறுப்பு முகமூடித் தளபதி டார்த் வேடரும் செத்தாயிற்று. அப்படியானால் எதிரி யார்? இன்னொரு கறுப்பு முகமூடி, இன்னும் நீளமான வாள், இன்னும் பெரிய ஆயுதம் என்று போவது எல்லோருக்கும் தோன்றும் வழி. ஸான் எதிர்ப்பக்கமாகப் போனார். அவருடைய புது எதிரி, பேரரசின் கிராண்ட் அட்மிரல் த்ரானுக்கு ஃபோர்ஸ் என்கிற மாயசக்தி கிடையாது, வாள் கிடையாது, மூளை மட்டும்தான். மனிதர்களைத் தவிர வேறு இனத்தாரை மதிக்காத பேரரசில், நீலத் தோலும் சிவந்து ஒளிரும் கண்களும் கொண்ட ஒருவன் அவ்வளவு உயரத்துக்கு வந்திருக்கிறான் என்றால் அவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்ற கணக்கை வாசகரே போட்டுக்கொள்வார். நீங்களும் ஒரு தாளை எடுத்து, பழைய வில்லன் கதையில் என்னென்ன வேலை செய்தான் என்று எழுதுங்கள், பயமுறுத்தினான், துரத்தினான், நாயகனை மயக்கப் பார்த்தான் என்பது போல. அதே வேலைகளை நேரெதிரான வழியில் செய்கிறவன் யார் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். அங்கேதான் உங்கள் ஆள் கிடைப்பான்.

கிடைத்தவனை முதல் அத்தியாயத்திலேயே வேலை செய்ய விடுங்கள். த்ரான் அறிமுகமாகும் இடத்தைப் பாருங்கள். கேப்டன் பெல்லயான் செய்தி சொல்ல அவன் அறைக்குப் போகிறார், இருட்டில் மெய்க்காவலன் ருக் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கிறான், உள்ளே அறை முழுக்க ஓவியங்களும் சிற்பங்களும் ஒளிப்பிம்பங்களாக மிதக்கின்றன. போர்க்கப்பலுக்குள் எதற்கு ஓவியம் என்று நாம் குழம்பிக்கொண்டிருக்கும்போதே எதிரிக் கப்பல்கள் வந்துவிடுகின்றன. அவற்றை இயக்குவது எலோமின் என்ற இனத்தார் என்று த்ரான் கண்டுபிடிக்கிறான், ஒழுங்கு இல்லாத தாக்குதலை அந்த இனத்தின் மனம் கையாளாது என்பது அவர்களுடைய கலையிலிருந்தே அவனுக்குத் தெரியும், அப்படி ஒரு தாக்குதலுக்கு உத்தரவிடுகிறான், சண்டை முடிந்துவிடுகிறது. 'இவன் மேதை' என்று காட்ட ஸான் வேறு எந்தச் சாட்சியும் தேட வேண்டியிருக்கவில்லை.

அதே காட்சியில் இன்னொரு விஷயம் இருக்கிறது, நான் அதைக் கவனிக்க ரொம்ப நாள் ஆயிற்று. த்ரானின் தலைக்குள் நாம் போவதே இல்லை, எப்போதும் பெல்லயானின் பக்கத்தில் நின்றுதான் பார்க்கிறோம். துப்பறியும் கதையில் துப்பறிகிறவர் பேசாமல் இருக்க, நண்பர் கதை சொல்வாரே, அந்த ஏற்பாடுதான். மேதையின் மனதைத் திறந்து காட்டினால் திட்டம் முன்கூட்டியே தெரிந்துவிடும். பெல்லயான் அனுபவசாலி, முட்டாள் இல்லை, அவரே ஒரு அடி பின்னால் இருக்கிறார் என்பதால்தான் முன்னால் நிற்பவன் பெரியவனாகத் தெரிகிறான். பக்கத்தில் நிற்பவரை மட்டும் மட்டியாக எழுதிவிடாதீர்கள், இந்த ஏற்பாடே கெட்டுவிடும்.

பழைய வில்லனிலிருந்து புதியவன் எப்படி வேறுபடுகிறான் என்பதை வசனத்தில் சொல்லாதீர்கள். ஸான் இரண்டு காட்சிகளில் செய்துவிட்டார். முதல் நாவலில் படங்களின் நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் விண்கலத்தைப் பிடித்து இழுக்கும் கதிரை இயக்கிய ஆள் அவனைத் தப்பவிட்டுவிடுகிறான், த்ரான் விசாரிக்கும்போது பழியைத் தன் பயிற்சியின் மேல் போடுகிறான், அங்கேயே கொல்லப்படுகிறான். வேடர் மாதிரியேதான் இவனும் என்று நினைத்துக்கொள்கிறோம். மூன்றாம் நாவலில் அதே போல இன்னொரு ஆளும் லூக்கைத் தவறவிடுகிறான், ஆனால் அவன் புதிதாக ஒரு வழியை யோசித்து முயன்றிருக்கிறான். அவனுக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. நடுவில் ஒரு புத்தகம் தாண்டி வைத்த பதில் அது. நான் எழுத உட்காரும்போதெல்லாம் இந்த இரண்டு காட்சிகளையும் எடுத்துப் படிக்கிறேன்.

அடுத்து, புதிய பொருள் எதையாவது கதையில் வைப்பதாக இருந்தால், கதையில் ஒரு சிக்கல் இருப்பதால் வையுங்கள். ஃபோர்ஸ் இல்லாதவன், லூக்கைப் போல ஃபோர்ஸைக் கையாளத் தெரிந்த ஜெடை வீரனை எப்படிச் சமாளிப்பான்? இந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் யசலமிரி. மிர்க்கர் கிரகத்தில் மரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் பல்லி போன்ற பிராணி, தன்னைச் சுற்றி ஃபோர்ஸ் இல்லாத ஒரு குமிழியை உண்டாக்கும். ஏன் அப்படி? அதே காட்டில் ஃபோர்ஸை வைத்தே மோப்பம் பிடித்து இரை தேடும் மிருகங்கள் இருக்கின்றன, அவற்றிடமிருந்து தப்ப. காரணம் கேட்டால் காரணம் இருக்கிறது பாருங்கள், இயற்பியல் படித்தவரின் கை அதில் தெரிகிறது. இதற்கு மேல் ஒரு லாபமும் உண்டு: அந்தக் காட்டில் லூக் மாட்டிக்கொள்ளும்போது அவனிடம் எந்தச் சக்தியும் இல்லை, வெறும் மனிதனாக நடந்தே வெளியே வர வேண்டும், அதுவும் அவனைக் கொல்ல நினைக்கும், இறந்த பேரரசனின் பழைய கையாளான மாரா ஜேட் கூட.

இனி நிபந்தனைகள். அடுத்தவர் உலகத்தில் எழுதினால் கட்டாயம் 'இதைத் தொடாதே' என்பார்கள். படங்களின் உரிமையாளரான லூகாஸ்ஃபில்ம், முதல் படத்துக்கு முன்பே நடந்ததாகச் சொல்லப்படும் க்ளோன் போர்களின் காலத்தைத் தொடக்கூடாது என்றது. பைத்தியம் பிடித்த ஜெடை பாத்திரத்தை லூக்கின் குரு ஓபி-வான் கெனோபியின் க்ளோனாக, அதாவது நகல் மனிதனாக வைக்க ஸான் நினைத்திருந்தார், அதுவும் மறுக்கப்பட்டது, சிபாவோத் என்ற புதுப் பெயரில் வேறோர் ஆள் பிறந்தான். த்ரானின் மெய்க்காவலன் ருக்கின் நோக்ரி இனத்துக்குத்தான், பின்னாளில் ஃபோர்ஸின் இருண்ட பக்கத்தாரின் பெயராகிவிட்ட 'சித்' என்ற பெயரை வைக்க நினைத்திருந்தார், அதற்கும் அனுமதி இல்லை. இப்போது யோசித்தால் அந்த இரண்டு மறுப்புகளும் கதைக்கு நல்லதையே செய்தன என்பது என் கருத்து. கெனோபியை அப்படிப் பார்த்திருந்தால் எத்தனை பேருக்கு மனம் உடைந்திருக்கும்! இன்னொரு நிபந்தனை, வெஸ்ட் எண்ட் கேம்ஸ் நிறுவனம் தன் விளையாட்டுக்காக எழுதியிருந்த விவரப் புத்தகங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பது. முதலில் ஸானுக்கு அது பிடிக்கவில்லை, ஒரு பெட்டி நிறைய புத்தகங்கள் வந்து பிரித்துப் பார்த்த பிறகு கப்பல்கள், இனங்கள் என்று தேவையானவை அதிலேயே தயாராக இருந்ததைப் பார்த்து எடுத்துக்கொண்டார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்களுக்கு முன் யாரோ வைத்த பெயரை மதித்துப் பயன்படுத்தினால் அந்த உலகம் ஒட்டுப்போட்டது போலத் தெரியாது. தொடக்கூடாத காலத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால் ஒரு பாத்திரத்தின் வாயால் ஒரு வரி சொல்லவிட்டு நகர்ந்துவிடுங்கள், வருடக்கணக்குக் கொடுத்தால் பின்னால் இடிக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அவர் மற்றவர்களும் எடுத்துப் புழங்கக்கூடிய பொருட்களை விட்டுச் சென்றது. பேரரசின் தலைநகரக் கிரகத்துக்கு நாவலில் ஒரு பெயர் தேவைப்பட்டது, கொரஸான்ட் என்று வைத்தார், 'மின்னுவது' என்று பொருள். 1999-இல் வந்த படத்தில் அந்தப் பெயரையே திரையில் கேட்டோம். டாலன் கார்ட் என்ற கடத்தல்காரன் சரக்கோடு தகவலையும் விற்கிறவன், அப்படி ஒருவன் இருந்தால் எந்த எழுத்தாளரும் எந்தக் கதையிலும் அவனைக் கூப்பிடலாம். உங்கள் பாத்திரத்துக்கு ஒரு தொழில், ஒரு கடன், தீராத ஒரு கணக்கு கொடுங்கள். உங்கள் கதை முடிந்த பிறகும் அவருக்கு வேலை இருக்க வேண்டும்.

முடிவை முதலிலேயே விதையுங்கள். ருக் முதல் அத்தியாயத்தில் இருட்டில் நின்றான் அல்லவா, அவன் நோக்ரி. நஞ்சான தங்கள் கிரகத்தைக் குணமாகவிடாமல், காப்பாற்றுவதாக ஏமாற்றியே பேரரசு தங்களை அடிமையாக வைத்திருக்கிறது என்பதை லூக்கின் சகோதரி லேயாவின் மூலம் அந்த இனம் தெரிந்துகொள்கிறது. கடைசியில் த்ரானைக் கத்தியால் குத்துவது ருக்கேதான். எத்தனையோ இனங்களின் கலையைப் படித்தவன், தன் பக்கத்திலேயே நின்றவனைப் படிக்கவில்லை. மாராவின் முடிவும் அப்படித்தான்: லூக்கைக் கொல் என்பது இறந்த பேரரசன் அவள் மனதில் விட்டுப்போன கட்டளை, அவள் லூக்கின் க்ளோனைக் கொல்கிறாள், கட்டளை அடங்கிவிடுகிறது, லூக் பிழைக்கிறான்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொதுவாக இந்த மாதிரி நாவல்களின் உரிமை எழுதியவருக்கு வராது, உலகத்தின் சொந்தக்காரருக்கே போகும், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2014-இல் லூகாஸ்ஃபில்ம் அதுவரை வந்த நாவல்களை எல்லாம் 'லெஜண்ட்ஸ்' என்று ஒதுக்கி வைத்தது, அதிகாரபூர்வக் கதையில் அவை இனி சேராது என்று. அதற்கு இரண்டே வருடத்தில், 2016-இல், 'ரெபல்ஸ்' அனிமேஷன் தொடரில் த்ரான் திரும்பி வந்தான், 2017-இல் ஸானே அவனை வைத்துப் புதிய நாவல் எழுதினார், 2023-இல் 'அசோகா' தொடரில் நடிகர் உருவில் நடந்து வந்தான். அதே ஆண்டு 'மாண்டலோரியன்' தொடரில் பெல்லயானும் தலைகாட்டினார். மாரா ஜேட் இன்னும் வரவில்லை. 1991-இல் அவளை முதன்முதலாகப் படித்தவர்களில் எத்தனையோ பேர் இன்றும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நானும் கேட்கிறேன்.