காஸ்ட்யூம் ஹெல்மெட்டில் போர்த் தழும்புகள்: பெயின்ட் செய்யும் முறை

தூரிகையை எடுப்பதற்கு முன் ஹெல்மெட்டைப் பென்சிலால் குறியுங்கள். கீழே வைக்கும்போது எந்த விளிம்பு உரசும், அடி எந்தப் பக்கமிருந்து வந்தது, கழற்றும்போது விரல் எங்கே படும்? மேடும் விளிம்பும் தேயும். பள்ளத்தில் பெயின்ட் அப்படியே இருக்கும், அழுக்குதான் சேரும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கீறி வைத்தால், மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் பொய் தெரிந்துவிடும்.

ஆழமான வெட்டுகளை இப்போதே அரத்தால் போட்டுவிடுங்கள். ஒரு முனை ஆழமாகவும் மறுமுனை மெலிந்து மறைவதாகவும் இருக்கட்டும். ஹெல்மெட் சுவரின் கனத்தில் பாதியைத் தாண்டினால் அங்கேயே விரிசல் விடக்கூடும். ஃபைபர் கிளாஸ் என்றால் தூசிக்கான முகக்கவசம் கட்டாயம். பிறகு 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். அச்சிலிருந்து ஒட்டிவந்த மெழுகு மிச்சமிருந்தால் பெயின்ட் பின்னால் தோல் தோலாக உரியும்.

அடுத்து ப்ரைமர் (அடிப்பூச்சு), அதன்மேல் சில்வர் ஸ்ப்ரே, எல்லாம் 25 முதல் 30 செ.மீ. தள்ளி நின்று மெல்லிய பூச்சுகளாக. சில்வரை ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அவசரப்பட்டால், அடுத்த கட்டத்தில் ஒற்றப்போகும் ரப்பர் பாலை உரிக்கும்போது சில்வரும் கூடவே வந்துவிடும்.

பெயின்ட் பெயர்ந்த தோற்றத்துக்கு ரப்பர் பால் (லேடெக்ஸ்)தான் சிறந்தது. கிழித்த ஸ்பாஞ்சால் குறித்த இடங்களில் ஒற்றி, காய்ந்ததும் சாம்பல் நிறம் அடியுங்கள். அந்தப் புள்ளிகளை மூடும்படி ரப்பர் பாலைச் சற்றுப் பெரிதாக மறுபடி ஒற்றி, காய்ந்ததும் மேல் நிறத்தை அடியுங்கள். அந்த நிறம் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் ரப்பரை விரலால் உருட்டி எடுத்தால் நடுவில் உலோகம், சுற்றிலும் சாம்பல் வரம்பு, அதற்கு வெளியே நிறம் என்று வரும். நிஜமான பெயின்ட் அடுக்கடுக்காகத்தான் பெயரும். அந்தச் சாம்பல் வரம்பு இல்லாவிட்டால் சில்வர் புள்ளி வைத்ததுபோல் தட்டையாக இருக்கும். ரப்பரைப் பல நாள் விட்டுவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

அடுத்து, அழுக்கு. அதற்கு முன் பளபளப்பான கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு) ஒன்று அவசியம். மங்கலான பரப்பு அழுக்கு நீரை உறிஞ்சிக்கொள்ளும், துடைத்தாலும் திட்டு போகாது. அழுக்கு நீருக்கு, கறுப்பும் அடர் பழுப்பும் கலந்த அக்ரிலிக் பெயின்ட் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, ஒரு சொட்டு பாத்திர சோப்பு. உள்ளங்கை அகலம் பூசி, முழுதும் காயும் முன் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். மழைநீர் வழியும் திசை அதுதான். துரு நிறத்தை இரும்பாகக் காட்டும் பாகத்தில் மட்டும், அதுவும் கொஞ்சமாகவே வையுங்கள்.

குண்டு பட்ட கருகலுக்குக் கரித்தூளை மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து வெளியே இழுங்கள். வார்னிஷ் பட்டதும் தூள் வெளிறும், அதனால் தேவைக்குச் சற்று அதிகமாகவே போடலாம். கடைசியாக இதன்மேல் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடியுங்கள். அதை ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளைப்படலம் படியும். காட்டமான கரைப்பான் கொண்ட லாக்கர் வகையை அக்ரிலிக்கின் மேல் அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கக்கூடும், எனவே முதலில் ஒரு துண்டு பிளாஸ்டிக்கில் அடித்துப் பாருங்கள்.

வார்னிஷ் நன்றாகக் காய்ந்த பிறகு 6பி பென்சிலை (மென்மையான ஓவியப் பென்சில்) விளிம்புகளில் தேய்த்து விரலால் மெருகேற்றுங்கள். தேய்ந்த இரும்பின் மினுமினுப்பு அதில் வரும். இதை வார்னிஷுக்கு முன் செய்தால் மேட் பூச்சு அதை அழித்துவிடும்.