சோதாபன்னர் ஆகிவிட்டோம் என்று சொல்வதற்கு முன்: தியானப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து நாள் விபாசனா முகாமில் பத்தாம் நாள் காலையில்தான் மௌனம் கலையும். அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர்கள் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். போன முறை சமையலறைச் சேவை முடிந்து வெளியே வந்த என்னை ஒரு தம்பி ஓரமாகக் கூப்பிட்டார். "அண்ணா, எனக்கு ஆயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றார். என்ன ஆயிடுச்சு என்று கேட்டேன். "சோதாபத்தி. எட்டாம் நாள் சாயங்காலம் உடம்பே இல்லாம கரைஞ்சுபோச்சு."

தேரவாத பௌத்தம் சொல்லும் விடுதலையின் நான்கு படிகளில் முதல் படியை எட்டியவர் சோதாபன்னர்; அந்த அடைவுதான் சோதாபத்தி. நான்காவது படியில் நிற்பவர் அரகந்தர். நான் சேவைக்குப் போகிற முகாம்களில் பெரும்பாலும் இப்படி ஒருவர் வந்துவிடுகிறார். என்னோடு பயிற்சி தொடங்கியவர்களும் நானும் இதே பேச்சைப் பேசியிருக்கிறோம். கால் மரத்துப்போவது, தூங்கி விழுவது, வீட்டுக்குப் போனதும் பயிற்சியை விட்டுவிடுவது பற்றியெல்லாம் ஆசிரியர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் அவ்வளவாகப் பேசாத சிலவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அனுபவம் சூடாக இருக்கும்போதே அதற்குப் பட்டம் கட்டுவது

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. தொடர்ந்து பல நாள் உட்கார்ந்தால் ஒளி தெரியும், உடம்பு சிலிர்க்கும், இதுவரை அறியாத அமைதி வரும், எல்லாம் விளங்கிவிட்டது போன்ற உறுதி பிறக்கும். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கம் என்ற தியானப் பயிற்சி நூலை எழுதிய புத்தகோசர் இவற்றைப் பத்தாகப் பட்டியலிட்டு, விபஸ்ஸனையின் (விபாசனாவின் பாலிப் பெயர்) மாசுகள் என்று பெயர் வைத்திருக்கிறார். கவனியுங்கள், ஒளியும் ஆனந்தமும் சமநிலையும் அவர் கணக்கில் மாசுகள். அவை கெட்டவை என்று அவர் சொல்லவில்லை. வந்தவுடன் "பாதையை எட்டிவிட்டேன்" என்று எண்ணிப் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிடுகிறோமே, அதுதான் ஆபத்து.

அதே நூலில் மகாநாகர் என்ற தேரரின், அதாவது மூத்த பிட்சுவின், கதை வருகிறது. தான் அரகந்தர் என்று அறுபது ஆண்டுகளாக நம்பியிருந்தவர் அவர். அவரிடம் பயின்று உண்மையிலேயே அரகந்தரான தம்மதின்னர் ஒருநாள் பார்க்க வருகிறார். கேட்ட கேள்விக்கெல்லாம் தேரர் தடங்கலின்றிப் பதில் சொல்கிறார். "அப்படியானால் ஒரு யானையை உருவாக்குங்கள்" என்கிறார் தம்மதின்னர். மனோசக்தியால் ஒரு வெள்ளை யானை உருவாகிறது. "இப்போது அது காதை விரித்து, வாலை நீட்டி, பிளிறிக்கொண்டு உங்களை நோக்கி ஓடிவரட்டும்." யானை வருகிறது. தேரர் துள்ளி எழுந்து ஓடப் பார்க்கிறார். தம்மதின்னர் அவர் சீவரத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆசவங்கள் (மனக்கறைகள்) அழிந்தவருக்கு அச்சம் உண்டா, ஐயா?" என்று கேட்கிறார்.

அந்த யானை தேரரே உருவாக்கியது. அப்படியும் பயந்தார். காரணத்தையும் நூல் சொல்லிவிடுகிறது: சமாதியும் விபஸ்ஸனையும் வலுவாக இருக்கும்வரை கோபமும் பயமும் ஆசையும் அமுங்கிக் கிடக்கும், தலை காட்டாது. அமுங்கியிருப்பதை அழிந்துவிட்டது என்று எண்ணுவது மிக எளிது. அறுபது ஆண்டு உட்கார்ந்தவருக்கே இந்த நிலை. எட்டாம் நாள் சாயங்காலத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன முடிவுக்கு வர முடியும்?

அந்தக் கேள்வியைக் கேட்டதும் தேரர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். தன் மாணவர் காலடியில் அமர்ந்து, "எனக்கு உதவுங்கள்" என்று கேட்டார்.

நான் பார்த்த ஒருவர் அப்படிக் கேட்கவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டு அமர்வுக்கு வந்துகொண்டிருந்த நண்பர். வெளிநாட்டில் சில மாதங்கள் தீவிரப் பயிற்சி எடுத்துத் திரும்பியபோது முகமே மாறியிருந்தது. முதலில் இரண்டு மூன்று பேரிடம் மட்டும் சொன்னார், சோதாபத்தி கிடைத்துவிட்டது என்று. கொஞ்ச நாளில் எல்லோருக்கும் தெரிந்தது. அமர்வு முடிந்ததும் அவரைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்தார்கள். வேலை, கல்யாணம், பிள்ளை படிப்பு என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் யோசனை கேட்டார்கள். அவரும் சொன்னார்.

அங்கே வந்த அக்கா ஒருவருக்கு ஒரு முகாமுக்குப் பிறகு தூக்கம் போனது. நெஞ்சு படபடவென்று அடித்தது, காரணமில்லாத திகில். அவர் பல வருடமாக மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை சாப்பிடுபவர். நண்பர் அவரிடம் சொன்னது இது: "பயப்படாதீங்க, இது பய ஞானம். எல்லாரும் கடந்துதான் ஆகணும். மாத்திரை போட்டா ஞானம் மேல ஏறாது." அக்கா மாத்திரையை நிறுத்தினார். அப்புறம் ஒரு நள்ளிரவில் அவர் கணவரிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நல்லவேளை, தேறிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் உட்காருவதே இல்லை.

பழைய நூல்களில் அச்சம் தோன்றும் ஞானம் என்று ஒரு கட்டம் இருப்பது உண்மைதான். ஒருவருக்கு வந்திருப்பது அதுவா, நோயா என்று தூரத்தில் இருந்து சொல்லும் தகுதி யாருக்கும் கிடையாது. தூக்கமே இல்லாமல் நாலு நாள் போனால் மருத்துவரைப் பாருங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையைத் தியான ஆசிரியர் சொல்லி நிறுத்தாதீர்கள்.

எனக்கு இன்னும் ஆறாதது, அந்த யோசனையை அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார் என்பது. பத்துப் பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தோம். மற்ற நேரமாக இருந்தால், "மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்க யார்?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். சோதாபன்னர் சொல்கிறார் என்பதால் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அடைவைப் பறைசாற்றுவது தனிமனிதரின் சின்னப் பெருமை என்று விட்டுவிட முடியாதது இதனால்தான். அந்த அறிவிப்பு மற்றவர்களின் வாயை அடைத்துவிடுகிறது.

இதைப் புத்தர் காலத்திலேயே உணர்ந்திருந்தார்கள் என்பதற்குப் பிட்சுகளின் ஒழுக்க விதிநூலான விநயமே சாட்சி. வஜ்ஜி நாட்டில் பஞ்சம் வந்தபோது வக்குமுதா ஆற்றங்கரைப் பிட்சுகள் ஒரு வழி கண்டார்கள். "இவர் சோதாபன்னர், அவர் அரகந்தர்" என்று இல்லறத்தார் முன் ஒருவரை ஒருவர் புகழ்ந்தார்கள். மக்கள் தங்கள் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்கூடக் கொடுக்காமல் அவர்களுக்கு உணவிட்டார்கள். மற்ற பிட்சுகள் எலும்பும் தோலுமாக வந்து நின்றபோது இவர்கள் கொழுத்திருந்தார்கள். இல்லாத அடைவைத் தெரிந்தே சொல்லிக்கொள்பவரைத் திருடர்களிலேயே பெரிய திருடர் என்றார் புத்தர். அப்படிச் சொல்லும் பிட்சு சங்கத்தில் இருக்க முடியாது, அது நான்காவது பாராஜிகக் குற்றம். மிகையாக மதிப்பிட்டு, உண்மை என்று நம்பிச் சொன்னவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதோடு விடவில்லை. அடைவு உண்மையாகவே இருந்தாலும் துறவு பெறாதவரிடம் அதைச் சொல்வது பாசித்தியம் என்ற, ஒப்புக்கொள்ள வேண்டிய சிறு குற்றம்.

இன்று நிலைமை வேறு. 2008-இல் வெளிவந்த தியான நூல் ஒன்றில், அமெரிக்க மருத்துவரான டேனியல் இன்கிராம் தன் பெயருக்கு முன் அரகந்தர் என்று அட்டையிலேயே போட்டுக்கொண்டார். ஒளித்துவைப்பதால்தான் ஏமாற்று வளர்கிறது, பட்டென்று பேசிவிடலாம் என்பது இந்தத் தரப்பின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பயிற்சியில் என்னென்ன நடக்கிறது என்பதை வெளிப்படையாகப் பேசுவதை நானும் வரவேற்கிறேன். என்ன நடந்தது என்று சொல்லுங்கள். நான் யார் ஆகிவிட்டேன் என்ற பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். நடந்ததை நாள், நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள், பெயர் வைக்காதீர்கள், உங்கள் ஆசிரியரிடம் மட்டும் பேசுங்கள். ஒரு வருடம் கழித்து, உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களிடம் உங்களைப் பற்றிக் கேளுங்கள். முகம் வாடிவிட்டது. ஆனாலும் நோட்டு வாங்குவதாகச் சொன்னார்.

ஆசிரியரின் ஞானத்தை அவர் நடத்தைக்குச் சாக்காக ஏற்பது

"அவர் எட்டிய நிலையில் நம்ம விதியெல்லாம் பொருந்தாது" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்துவிடுங்கள். திபெத்திய பௌத்த ஆசிரியர் சோக்யாம் துருங்பா தன் வாரிசாக நியமித்த ஓசெல் டென்ட்சின் தனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தும் பாதுகாப்பில்லாமல் உறவு வைத்திருந்தார் என்பது 1988-இல் வெளியே வந்தது. தனக்கு ஏதோ ஒரு காப்பு இருப்பதாக நம்பியதாகச் சொன்னார். ஜென் ஆசிரியர் ஜோஷு சசாகி பல பத்தாண்டுகளாக மாணவிகளிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதை விசாரித்தவர்கள் 2013-இல் அறிக்கை கொடுத்தபோது அவருக்கு வயது நூறைத் தாண்டியிருந்தது. இன்னொரு திபெத்திய ஆசிரியரான சோக்யால் ரின்போச்சேயின் நடத்தையைக் குற்றம்சாட்டி மூத்த மாணவர்கள் எட்டுப் பேர் கடிதம் எழுதியது 2017-இல்.

புத்தர் காலத்துப் பசேனதி மன்னன் கதை இவர்கள் எல்லோருக்கும் முந்தியது. வழியில் போன துறவிகளுக்கு மண்டியிட்டு வணங்கிவிட்டு, "உலகத்து அரகந்தர்களில் இவர்களும் உண்டு" என்கிறான் புத்தரிடம். இல்லறத்தில் இருப்பவர் அதை அறிவது கடினம் என்கிறார் புத்தர். ஒருவரின் ஒழுக்கம் நீண்ட காலம் கூட வாழ்ந்தால்தான் தெரியும், அதுவும் கூர்ந்து பார்ப்பவருக்குத்தான். பிறகு மன்னன் உண்மையைச் சொல்கிறான்: அவர்கள் அவனுடைய ஒற்றர்கள்.

வரைபடத்தை மனப்பாடம் செய்துவிட்டு உட்காருவது

விபஸ்ஸனைப் பாதையில் படிப்படியாக வருவதாகச் சொல்லப்படும் பதினாறு ஞானங்களின் வரிசை இப்போது எல்லாருக்கும் கிடைக்கிறது. படித்துவிட்டுப் போனால் அதே வரிசையில் உங்களுக்கும் எல்லாம் வந்துவிடும். வந்தது பயிற்சியா, படிப்பா என்று அப்புறம் பிரிக்கவே முடியாது.

கென்ஷோவையும் சோதாபத்தியையும் ஒன்று என்று எண்ணுவது

கென்ஷோ என்பது ஜென் மரபு சொல்லும் விழிப்பு அனுபவம். வேறு மரபு, வேறு அளவுகோல். ஒப்பிட வேண்டாம்.

யார் சொன்னாலும் பொய் என்று முடிவுகட்டுவது

ஏமாந்தவர்கள் அடுத்து விழும் குழி. ஒருவர் தன்னை அரகந்தர் என்றால் அதை ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம், கேள்வி கேளுங்கள் என்கிறது மஜ்ஜிம நிகாயம் என்ற புத்தர் உரைத் தொகுப்பின் 112-ஆவது சூத்திரம். கண்டதில், கேட்டதில், உணர்ந்ததில், அறிந்ததில் எப்படிப் பற்றற்று இருக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்கிறது. கேட்டால் கோபப்படுகிறார் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

அடைவைக் காட்டிக் கட்டணம் கேட்பவரிடம் போவது

போகாதீர்கள்.