கார்புரேட்டர் ஒழுகுதா? ஸ்பானரை எடுப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்மினி, அம்பாசடர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று பழைய கார் எதை வைத்திருந்தாலும் சரி, "பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை வருது" என்று சொன்னவுடன் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: கார்புரேட்டர் கிட் மாத்திடுங்க. கிட் (கார்புரேட்டரின் வாஷர், கேஸ்கட், வால்வு எல்லாம் சேர்ந்த உதிரிபாக செட்) மாற்றுவார்கள், இரண்டு வாரம் நன்றாக ஓடும், அப்புறம் மறுபடியும் அதே வாடை, அதே ஈரம், இப்போது கூடுதலாக ஸ்க்ரூ ஒன்றின் மரையும் போயிருக்கும். என் பத்மினியில் இரண்டு மாதத்தில், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் நீடில் வால்வு மூன்று மாற்றினேன், மூன்றிலுமே கோளாறு இல்லை. ஈரம் எங்கே என்று தேடுவதற்கு முன் எப்போது ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். இங்கே சொல்வதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

முதலில் பாதுகாப்பு, இதில் விளையாட்டே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தவழ்ந்து ஷெட்டின் மூலைக்கும் கிரீஸ் அடிக்கும் பள்ளத்துக்கும் போய் நிற்கும், மூக்குக்குத் தெரியாத இடத்தில் சேர்ந்திருக்கும். அம்பாசடரில் கார்புரேட்டர் இருக்கும் பக்கத்திலேயே அதற்குக் கீழே, எஞ்சின் புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது, ஒழுகும் சொட்டு விழுவது நேராக அங்கேதான். ஆகவே ஈரம் கண்ணில் பட்டால் எஞ்சினை நிறுத்துங்கள், காரைத் தள்ளி வெட்டவெளிக்குக் கொண்டு வாருங்கள், நன்றாக ஆறவிடுங்கள். அதன் பிறகுதான் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும், ஏனென்றால் கழற்றும்போதே ஒரு சின்னப் பொறி பறக்கும், ஆவி சூழ்ந்திருக்கும்போது அந்தப் பொறி போதும். ஒயர் போட்ட குண்டு பல்பு விளக்கை உள்ளே தொங்கவிட வேண்டாம், கை தவறி உடைந்தால் இழை நெருப்பாகத்தான் இருக்கும். எல்இடி டார்ச் போதும். பக்கத்தில் உலர் பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும், வாளித் தண்ணீரை நம்பாதீர்கள், எரியும் பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து பரவும்.

ஈரமான இடமே ஓட்டையான இடம் என்று நினைப்பது

எல்லோரும் செய்யும் தவறு இது. பெட்ரோல் மேலே எங்கோ கசிந்து, வார்ப்பின் விளிம்பு வழியாக இறங்கி, தாழ்வான ஒரு முனையில் சொட்டும். நாம் பார்ப்பது அந்தச் சொட்டைத்தான். உடனே அங்கே இருக்கும் பிளக்கை இறுக்குவோம்.

முதல் வேலை, கார்புரேட்டரை வெளிப்பக்கம் முழுக்கத் துடைத்து, பிரஷ்ஷால் அழுக்கை எடுத்து, காயவிடுவது. பழைய எண்ணெய்ப் பிசுக்கின் மேல் புதுக் கசிவு தெரியாது. காய்ந்ததும் சந்தேகமான இணைப்புகளைச் சுற்றி சாக்பீஸ் பொடியை லேசாகத் தூவினால் பெட்ரோல் பட்ட இடம் சட்டென்று கறுத்துக் காட்டும். எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டர் வாய்ப் பக்கம் மட்டும் பொடியைக் கொண்டு போகாதீர்கள், உள்ளே இழுத்துவிடும். நாள்பட்ட கசிவு காய்ந்த பிறகும் தேநீர் நிறத்தில் ஒரு கறை விட்டுப் போகும், அந்தக் கறை எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள், அதற்கு மேலே இருக்கும் இணைப்புதான் முதல் சந்தேகம்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் திரும்பும் திராட்டில் ஷாஃப்ட் பக்கம் ஈரம் இருந்தால், அதைத் தாங்கும் வளையத்தைச் சொல்லி "புஷ் தேஞ்சு போச்சு, அதான் ஒழுகுது" என்பார்கள். கொஞ்சம் யோசித்தால் அது சரியாக வராது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது அந்த இடத்தில் வாக்குவம், தேய்ந்த புஷ் வழியாக காற்று உள்ளே போகுமே தவிர பெட்ரோல் வெளியே வராது. அங்கே ஈரம் தெரிகிறதென்றால் மேலிருந்து தொண்டைக்குள் பெட்ரோல் வழிந்து ஷாஃப்ட் வழியாக வெளியே கசிந்திருக்கிறது, அதாவது ஓவர்ஃப்ளோ. புஷ்ஷை மாற்றினாலும் பெட்ரோல் வேறு வழி தேடிக்கொள்ளும்.

எப்போது ஒழுகுகிறது என்று பார்க்காமல் கழற்றுவது

மூன்று வேளை பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், எஞ்சின் ஓடும்போது, சூடாக ஓட்டி நிறுத்திய பின் பத்துப் பதினைந்து நிமிடம்.

இரவு முழுக்க நின்ற காரில் ஒழுகினால் முதலில் ஒன்றை நினைவில் வையுங்கள். பத்மினியிலும் அம்பாசடரிலும் பெட்ரோல் டேங்க் பின்னால், கார்புரேட்டரை விடத் தாழ்வாக இருக்கிறது. பைக் மாதிரி டேங்க் மேலே உட்கார்ந்து விடிய விடிய ஊற்றிக்கொண்டே இருக்காது. டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுத்து அனுப்பும் பம்ப் நின்றுவிட்டால் ஒழுகுவதற்கு இருப்பது பெரும்பாலும் ஃப்ளோட் சேம்பரில், அதாவது கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறு தொட்டியில், தங்கியிருக்கும் கொஞ்சம் பெட்ரோல்தான். அது கீழே சொட்டினால் பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் இணைப்புகளைத்தான் தேட வேண்டும்: ட்ரெயின் பிளக்கின் வாஷர், மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) ஹோல்டரின் வாஷர், மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம் என்ற சவ்வு. நீடில் வால்வுக்கு இதில் வேலையே இல்லை, அதை மாற்றி என்ன பயன்? ஃபைபர் வாஷரை ஒருமுறை கழற்றினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். செம்பு வாஷர் என்றால் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகிவிடும், திரும்பப் போடலாம். காய்ச்சும் வேலையை காருக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள்.

நிறுத்திய காரில் பெட்ரோல் சேம்பரின் கொள்ளளவை மீறி வந்துகொண்டே இருந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ் என்று காற்று வெளியேறினால் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது, வெயிலில் டேங்க்குக்குள் அழுத்தம் ஏறி அது பெட்ரோலைப் பம்ப் வழியாகவே முன்னால் தள்ளுகிறது. பொருத்தமில்லாத மூடியை யாரோ போட்டுவிட்டதாலும் இது வரும்.

எஞ்சின் ஓடும்போது மட்டும் வழிகிறதென்றால்தான் நீடில் வால்வு, ஃப்ளோட், பம்ப் அழுத்தம் மூன்றையும் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் பக்கவாட்டில் ஈரம் வந்தால் அது ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம், அவ்வளவுதான்.

நிறுத்திய பின் வருவது இன்னொரு கதை. ஓடும்போது கார்புரேட்டரை ஃபேன் காற்றும் உள்ளே பாயும் பெட்ரோலும் குளிர்விக்கின்றன, நிறுத்தியதும் அந்த இரண்டும் போய்விடும், மேனிஃபோல்டின் சூடு மேலே ஏறும். சித்திரை வெயிலில் சேம்பரில் உள்ள பெட்ரோல் கொதித்து நாசில் வழியாகத் தொண்டைக்குள் சொட்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, நிறுத்திய உடனே டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் கண்ணாலேயே காணலாம். இதற்கு கிட் மருந்தல்ல. மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் சூடு ஏறாமல் தடுக்கும் தடித்த பேக்கலைட் துண்டு இருக்கிறதா, இல்லை முன்பு கழற்றியவர் அதைத் தூர எறிந்துவிட்டு மெல்லிய பேப்பர் கேஸ்கட்டை மட்டும் வைத்துவிட்டாரா என்று பாருங்கள். பல கார்களில் அது காணாமல் போயிருக்கிறது.

நீடில் வால்வை மட்டும் குற்றம் சொல்வது

சோலெக்ஸ் என்ற வகை கார்புரேட்டரில் நீடில் வால்வு மேல் மூடியில் திருகி நிற்கும், கீழே பெட்ரோலில் மிதக்கும் ஃப்ளோட் உயர்ந்து ஊசியை மேலே தள்ளி வழியை அடைக்கும். வால்வுக்கு அடியில் ஒரு வாஷர் இருக்கிறதே, அது கசிவைத் தடுக்க மட்டும் அல்ல, பெட்ரோல் மட்டத்தைத் தீர்மானிப்பதும் அதுதான். வாஷர் தடித்தால் ஊசியின் இருக்கை கீழே இறங்கும், சீக்கிரம் அடைக்கும், மட்டம் குறையும். மெல்லியதாகப் போட்டால் மட்டம் ஏறி வழியும். கிட்டில் வந்ததை அப்படியே போடாமல் பழைய வாஷரோடு ஒட்டி வைத்துப் பாருங்கள், இல்லை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள்.

ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளக் என்றால் பெட்ரோல் புகுந்திருக்கிறது, அது முழுதாக மிதக்காது, ஊசி மூடவே மூடாது. சத்தம் கேட்கவில்லை என்றாலும் வெந்நீரில் முக்கிப் பாருங்கள், ஓட்டை இருந்தால் குமிழ் வரும். பித்தளை ஃப்ளோட்டை ஈயம் வைத்து அடைக்கும் பழக்கம் நம்மூரில் உண்டு, இதில் இரண்டு ஆபத்து. உள்ளே துளி பெட்ரோல் மிச்சமிருந்தாலும் சூட்டுக்கோல் பட்டதும் வெடிக்கும். அடுத்தது, வைத்த ஈயத்தின் எடைக்கு ஃப்ளோட் கொஞ்சம் அமிழும், மட்டம் ஏறும், மறுபடியும் வழியும். புது ஃப்ளோட் கிடைத்தால் அதையே போடுங்கள்.

என் காரில் மூன்று வால்வும் தோற்றதற்குக் காரணம் ஃப்ளோட்டும் இல்லை, வாஷரும் இல்லை. ஃபில்டர் இருந்தது, சுத்தமாகவும் இருந்தது, அதனால் குப்பை என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஆனால் ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருந்த நான்கு அங்குல ரப்பர் ஓஸ் உள்பக்கம் உரிந்து, மிளகுத்தூள் மாதிரி கறுப்புத் துகளாக வால்வு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. புது வால்வு போட்டதும் சில நாள் சரியாக இருப்பதும், பிறகு வழிவதும் அதனால்தான். ஓஸை நீளவாக்கில் பிளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புது ஓஸ்தான்.

இந்த ஓஸ் விஷயம் இப்போது முன்னை விட முக்கியம். நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 2022-ல் பத்து சதவீத எத்தனால், 2025-ல் இருபது. பத்மினியின் ரப்பரும் டயாஃப்ரமும் அந்தக் காலத்து பெட்ரோலுக்காகச் செய்தவை, எத்தனால் அவற்றை ஊதவைக்கும், இறுகவைக்கும், உரித்துவிடும். ஈரத்தையும் அது தன்னோடு இழுத்து வைத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் நிற்கும் காரில் சேம்பரின் அடியில் வெள்ளைப் பொடி பூத்து அரிக்கிறது. ஓஸ் வாங்கும்போது மேலே ஆர்9 என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள், உள்ளே எத்தனால் தாங்கும் விட்டான் வகை ரப்பர் பூசியது அது. மீட்டர் கணக்கில் கிடைக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் வேண்டவே வேண்டாம். சூட்டில் கட்டையாக இறுகி, ஒருநாள் வாயிலிருந்து தானே கழன்று வரும்.

எலக்ட்ரிக் பம்ப் போட்டவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்தக் கார்புரேட்டர்களுக்குச் சுமார் மூன்று பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷன் காருக்கான பம்ப் நாற்பது பி.எஸ்.ஐ. பக்கம் தள்ளும், எந்த நீடில் வால்வும் அதன் முன்னால் நிற்காது. பழைய மெக்கானிக்கல் பம்ப்பிலும் பம்ப்புக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தடித்த துண்டை எடுத்துவிட்டால் லீவர் அதிகம் அசைந்து அழுத்தம் கூடும். பிரஷர் கேஜ் ஒன்றை டீ இணைப்பில் மாட்டி அளந்துவிட்டால் ஊகத்துக்கே இடமில்லை.

இறுக்குவதும் பூசுவதும்

மேல் மூடியின் ஓரத்தில் கசிந்தால் ஸ்க்ரூவை இன்னும் இறுக்குவது கை தானாகச் செய்யும் வேலை. இந்த உடல் மென்மையான துத்தநாகக் கலவை வார்ப்பு, காது போல நீட்டிக்கொண்டிருக்கும் மூலைகள் வளைந்துவிடும், நடுவில் இடைவெளி விழும், மேலும் இறுக்கினால் மேலும் வளையும். மூடியைக் கழற்றி ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். வளைவு சிறியதென்றால் தட்டையான கண்ணாடி மேல் எமரி பேப்பரை விரித்து, எட்டு போடுவது போல மெதுவாகத் தேய்த்து நேராக்கலாம்.

சிலிக்கான் பேஸ்ட் பூசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பெட்ரோலில் அது ஊறி ஜெல்லி மாதிரி பிரிந்து வந்து ஜெட்டை அடைக்கும். புதுப்பேட்டையில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார்புரேட்டர் ஒன்றைத் திறந்தபோது ஐட்லிங் ஜெட்டின் துளை முழுக்க நீல நிறப் பசை. டெஃப்லான் டேப்பும் அப்படித்தான், நூல் நூலாக உள்ளே போகும். அளவான கேஸ்கட், நேரான முகம், சமமாகக் குறுக்குக் குறுக்காக இறுக்கிய ஸ்க்ரூ, இவை இருந்தால் பசைக்கு வேலை இல்லை.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் மைலேஜ் போய்விட்டது, சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, கறுப்புப் புகை வருகிறது என்றால் பெட்ரோல் உள்பக்கமாக ஒழுகுகிறது. டிப் ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ காரை ஓட்டாதீர்கள், நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. இதற்குக் கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஒரு காரணம், ஆனால் மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தாலும் பெட்ரோல் நேராக எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்கும், இதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. பம்ப் உடம்பின் கீழ்ப்பக்கம் சிறு துளை இருந்தால் அங்கே ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நேர்மாறான குழப்பமும் உண்டு. நான்கு நாள் நிறுத்திய காரில் சேம்பர் காலியாக இருந்தால் "எங்கேயோ ஒழுகுது" என்று தேடுவார்கள். பெரும்பாலும் அது ஆவியாகிப் போனதுதான். கீழே கறை இல்லை, ஆயிலில் வாடை இல்லை என்றால் அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு எதையும் கழற்ற வேண்டாம்.

கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்தபின் ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, ஏர் ஃபில்டரைப் பூட்டாமல் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, கையில் டார்ச்சோடு பக்கத்திலேயே நில்லுங்கள். பிறகு பூட்டி ஒரு ரவுண்டு ஓட்டி வந்து, நிறுத்தி, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மறுநாள் காலை சாவியைப் போடுவதற்கு முன் மூன்றாவது முறை. இந்த மூன்று வேளையும் காய்ந்திருந்தால் காரைத் திரும்ப ஷெட்டுக்குள் விடலாம்.