பனியை அச்சிடாமல் விடுங்கள்: ஹிரோஷிகே வழியில் ஒரு மர அச்சு

ஜப்பானிய மர அச்சு ஓவியர் உதகாவா ஹிரோஷிகேயின் தோகாய்தோ சாலைப் பட வரிசையில் (1833–34) ‘கம்பாரா: இரவுப் பனி’ என்றொரு படம் உண்டு. வெண்பனி மூடிய கூரைகள், சரிவான பாதை, குனிந்து நடக்கும் மூன்று பேர். அதில் பனியாகத் தெரிவது மை படாத வெறும் தாள். இதே முறையில் அஞ்சலட்டை அளவுக்கு ஒரு பனிக் கிராமம் செய்து பார்க்கலாம். கறுப்புக்கு ஒரு பலகை, சாம்பல் நிறத்துக்கு ஒரு பலகை. ஜப்பானியர் செதுக்கிய காட்டுச் செர்ரி மரம் புதியவர் கைக்கு ரொம்பக் கடினம். மென்மையான பிளைவுட் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைதல்: நாலைந்து வீடு, ஒரு மரம் போதும். கூரையின் மேல்விளிம்பை வரையவே வேண்டாம். பின்னாலிருக்கும் சாம்பல் வானமே அதைக் காட்டிவிடும். சுவர், ஜன்னல், கூரைக்கு அடியிலுள்ள நிழல் மட்டும் கறுப்பு.

கறுப்புப் பலகை: மெல்லிய தாளில் வரைந்ததைப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கறுப்பு விழ வேண்டியதை மேடாக விட்டு மற்றதைச் செதுக்குங்கள். கீழே வலது மூலையில், இடம்வலமாகத் திருப்பிய ‘ட’ போல ஒரு குறி, இடப்பக்கம் ஒரு நேர்க்குறி. இவற்றுக்குக் கெந்தோ என்று பெயர். ஒவ்வொரு முறையும் தாளை இவற்றில் பொருத்தினால்தான் இரண்டு நிறமும் இடம் மாறாமல் விழும்.

சாம்பல் பலகை: கறுப்புப் பலகையைக் குறிகளோடு சேர்த்து மெல்லிய தாளில் அச்செடுத்து, அதை இரண்டாம் பலகையில் கவிழ்த்து ஒட்டுங்கள். குறிகளும் வானமும் மேடாக நிற்கட்டும். கூரையையும் தரையையும் நன்றாக ஆழமாக எடுத்துவிடுங்கள். மேலோட்டமாக விட்டால் பனியில் அழுக்குத் திட்டு விழும். விழுகிற பனிக்கு, சின்ன யு வடிவ உளியை வானத்தில் ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினால் குழி விழும். பெரிதும் சிறிதுமாகக் கலந்து, ஒழுங்கில்லாமல் போடுங்கள்.

அச்சிடுதல்: கையால் செய்த மெல்லிய தாளை முதல் நாள் இரவே ஈரத்தாள்களுக்கு நடுவே வைத்துவிடுங்கள். வாட்டர்கலரில் துளி அரிசிக் கஞ்சிப் பசை சேருங்கள். முதலில் கறுப்பு. தாளின் முதுகை பாரென் என்ற தேய்ப்பானால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கரண்டியின் முதுகும் போதும்.

அப்புறம் வானம். பலகையை ஈரத் தூரிகையால் நனைத்து, மேல்விளிம்பில் மட்டும் மை வைத்து, அகலத் தூரிகையை இடம்வலமாக ஓட்டியபடி கீழே இறக்குங்கள். நிறம் மெல்ல மெல்லக் கரையும். இதுதான் பொகாஷி. தண்ணீர் கூடினால் குழிகளில் மை தேங்கிவிடும், ஈரம் மட்டும் போதும்.

கம்பாராவின் சில பிரதிகளில் வானத்தின் உச்சி இருட்டு. வேறு சிலவற்றில் கூரைகளை ஒட்டி இருட்டு. இரண்டு விதமாகவும் அச்செடுத்துப் பாருங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், கூரைகள் அதில்தான் பளிச்சென்று எழும்பி நிற்கின்றன.