மண்டிக் கணக்கை மனசிலேயே போட

பாலக்கோடு சந்தையில் ஏழு பெட்டித் தக்காளி எடை போடுகிறார்கள்: 18, 23, 19, 24, 22, 17, 21. வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் நாலாவது எண்ணிலேயே தடுமாறும். கடைசி இலக்கத்தைப் பாருங்கள். சேர்ந்தால் 10 வருகிற ஜோடியைப் பிடியுங்கள். 18+22, 23+17, 19+21, மூன்றுமே 40. ஆக 120, மிச்சம் 24, மொத்தம் 144 கிலோ. சேர்த்த எண்ணை உடனே அடித்துவிடுங்கள். ஒரே எண்ணை இரண்டு முறை எடுத்தால் பிழை வரும்.

பெருக்கலில் 25-க்கு ஜோடி 4, 5-க்கு 2, 125-க்கு 8. கிருஷ்ணகிரி மாங்காய் 36 பெட்டி, பெட்டிக்கு 25 கிலோ என்றால் 36-ஐ 4×9 ஆக உடையுங்கள். 25×4=100, அதை 9-ஆல் பெருக்க 900 கிலோ. தாளே வேண்டாம்!

கழித்தல் இருந்தால் மட்டும் கவனம். 150−18+12-இல் 18-ஐயும் 12-ஐயும் முதலில் சேர்த்து 30 கழித்தால் 120 வரும், அது தப்பு. கழித்தல் குறி 18-க்கு மட்டுமே சொந்தம். எண்ணை நகர்த்தினால் அதன் முன்னால் உள்ள குறியும் கூடவே வர வேண்டும்: 150+12−18=144. கூட்டலும் பெருக்கலும் கலந்த கணக்கில் பெருக்கலை முடித்த பிறகே இடம் மாற்றுங்கள்.