ஊழியப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கிறிஸ்தவ ஊழியத்துக்கு அழைப்பு உண்டு என்று மனதில் உறுதியானதும் பலரும் முதலில் பார்ப்பது எந்தக் கல்லூரியில் கட்டணம் குறைவு, எங்கே சீக்கிரம் முடியும் என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: படித்து முடித்து யாரிடம் போய் நிற்கப்போகிறீர்கள்? சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆயராக, அதாவது சபைப் போதகராக, விரும்பினால் பொதுவாக செராம்பூர் பி.டி. (செராம்பூர் செனட் வழங்கும் இறையியல் பட்டம்) எதிர்பார்ப்பார்கள், அதிலும் திருமண்டலமே (பேராயரின் கீழுள்ள சபை நிர்வாகப் பகுதி) தெரிந்தெடுத்து அனுப்பியவருக்கு இருக்கும் இடம் சொந்தமாகப் போய்ப் படித்தவருக்கு இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இதை விசாரிக்காமலே சேர்ந்து, நன்றாகவும் படித்து, குருப்பட்டத்துக்கு (போதகராக அபிஷேகம் பெறுவதற்கு) வழியில்லை என்பதைக் கடைசி வருஷத்தில்தான் தெரிந்துகொண்டான். சேருவதற்கு முன்பே தன் சேகர (உள்ளூர்ச் சபைத் தொகுதி) ஆயரிடம் பேசியிருந்தால் போதும்.

அப்புறம், 'அங்கீகாரம் பெற்றது' என்று போட்டிருந்தால் யாருடைய அங்கீகாரம் என்று கேளுங்கள். 1818-ல் வில்லியம் கேரியும் தோழர்களும் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827-ல் டென்மார்க் மன்னரின் சாசனம் கிடைத்தது, பிறகு 1918-ல் தனிச் சட்டமும் வந்தது. அதன் செனட் பட்டம் வழங்குவது இந்த பலத்தில்தான். மதுரை அரசரடி, சென்னை குருக்குல், பெங்களூர் யு.டி.சி. ஆகிய இறையியல் கல்லூரிகள் எல்லாம் அதோடு இணைந்தவை. ஏ.டி.ஏ. (ஆசிய இறையியல் சங்கம்) அங்கீகாரம் வேறு வகை, அது பல்கலைக்கழகப் பட்டம் ஆகாது. சுயாதீன சபைகள் பலவற்றில் அதை மதிக்கிறார்கள், ஆனால் பின்னால் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்யும் எண்ணம் இருந்தால் அங்கே ஏற்பார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். யுஜிசியின் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள், வேதாகமத்தின் பெயரை வைத்துக்கொண்ட நிறுவனங்களும் அதில் வந்திருக்கின்றன.

ஆலோசனைப் படிப்பில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பாடத்திட்டத்தில் 'கவுன்சலிங்' என்று நாலு தாள் இருப்பதால் ஒருவருக்கு ஆலோசனை சொல்ல வந்துவிடாது. 1925-ல் அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் தன் மாணவர்களை மனநல மருத்துவமனைக்குள் அழைத்துப்போய்த் தொடங்கிய பயிற்சி முறையைத்தான் இன்று சி.பி.இ. (மருத்துவமனைச் சூழலில் மேய்ப்புப் பணிப் பயிற்சி) என்கிறோம். மாணவர் ஒரு நோயாளியோடு பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு வர வேண்டும், மேற்பார்வையாளர் அதை வரிவரியாகப் பிரித்து 'இந்த இடத்தில் ஏன் அவசரமாக ஜெபத்துக்குத் தாவினீர்கள், அவரை அழ விடாமல் தடுத்தது எது' என்று கேட்பார். அங்கேதான் கற்றுக்கொள்கிறோம். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இந்தப் பயிற்சிக்கு நல்ல மரபு உண்டு. நீங்கள் பார்க்கும் கல்லூரியில் இப்படி எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் படிப்பு வேண்டாம்.

எம்.டிஎச். (இறையியல் முதுகலை) முடித்ததும் சிகிச்சை உளவியலாளர் ஆகிவிடலாம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். ஆக முடியாது, அதற்கு 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும், அது வேறு படிப்பு. தற்கொலை எண்ணத்தோடு வருபவரை எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், அறைக்குள் கேட்டதைப் பிரசங்கத்தில் உதாரணமாகச் சொல்லக்கூடாது, இதெல்லாம் சொல்லித்தரும் படிப்பா என்று பாருங்கள்.

இன்னொன்று, ஆங்கிலத்தில் படித்தால்தான் மதிப்பு என்று எண்ண வேண்டாம். 1969-ல் தொடங்கிய அரசரடி இறையியல் கல்லூரி தமிழிலேயே பி.டி. கற்பித்து வந்திருக்கிறது. கிராமத்துச் சேகரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் உங்களிடம் தமிழில்தான் அழுவாள்.