பள்ளிக்குப் பொருள் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

2013-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஐபேட் கொடுப்பதென்று முடிவெடுத்தது. திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 1.3 பில்லியன் அமெரிக்க டாலர். சாதனங்கள் கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே சில மாணவர்கள் பாதுகாப்புத் தடைகளை உடைத்துவிட்டார்கள். அதையாவது பிள்ளைகளின் கெட்டிக்காரத்தனம் என்று விட்டுவிடலாம். அந்த ஐபேட்டில் இருக்கவேண்டிய பாடங்கள் அரைகுறையாக இருந்ததுதான் உண்மையான கோளாறு. 2014-இல் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு, ஆப்பிள் நிறுவனம் 4.2 மில்லியன் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. பாடம் தயாராகும் முன்பே பலகை வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் பள்ளி மாவட்டம் கிடையாது. பள்ளிகளைத் தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு ஒரு கண்காணிப்பாளரைக் கல்வி அமைச்சு நியமித்திருக்கிறது. பெரிய கொள்முதல்களை அமைச்சே பார்த்துக்கொள்ளும். ஆனால் முகாம், விளையாட்டுப் பயிற்றுநர், ரோபோ பெட்டி, மென்பொருள் உரிமம், மேம்பாட்டு வகுப்பு, பேருந்து, அச்சு வேலை என்று பள்ளியே முடிவெடுத்து வாங்குபவையும் ஏராளம். இவற்றுக்குத் தேவைக்குறிப்பு எழுதுபவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர். பள்ளி முடிந்து, இணைப்பாட நடவடிக்கையும் முடிந்து, திருத்தவேண்டிய கட்டுரைக் கட்டு மேசையில் காத்திருக்கும் நேரத்தில் அவர் அதை எழுதுகிறார்.

அரசாங்கக் கொள்முதலுக்கு மூன்று அடிப்படைகள் சொல்வார்கள்: வெளிப்படைத்தன்மை, திறந்த நியாயமான போட்டி, கொடுத்த பணத்துக்கு மதிப்பு. ஜீபிஸ் என்ற அரசாங்கக் கொள்முதல் இணையவாசலில் அறிவிப்பு போட்டு, விலைக்குறிப்புகள் வாங்கி, ஒப்புதல் கையெழுத்தும் பெற்றுவிட்டால் முதல் இரண்டும் கோப்பில் ஏறிவிடும். கணக்காய்வாளர் வந்தால் காட்டலாம். மூன்றாவது கோப்பில் தெரியாது, வகுப்பறையில்தான் தெரியும். நான் பார்த்தவரை தவறுகள் பெரும்பாலும் நடப்பது இந்த இடத்தில்தான். கோப்பு சுத்தமாக இருக்கும், வாங்கிய பெட்டி அலமாரியில் தூங்கும்.

பொருளைப் பார்த்துவிட்டுத் தேவையைத் தேடுவது

கண்காட்சியில் ஒரு கருவியைப் பார்க்கிறோம். விற்பனையாளர் பள்ளிக்கே வந்து செய்து காட்டுகிறார். பிள்ளைகள் கண் விரியப் பார்க்கிறார்கள். பிறகு “இதை எந்தப் பாடத்தில் நுழைக்கலாம்?” என்ற தேடல் தொடங்குகிறது. வரிசையே தலைகீழ். எந்த வகுப்பு, எந்தப் பாடம், இப்போது அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள், அதற்கு இந்தக் கருவி என்ன செய்யும் என்று நான்கு வரி எழுத முடியவில்லையென்றால் வாங்கவேண்டாம். முப்பரிமாண அச்சு இயந்திரத்தைத் திறப்பு விழா நாளில் எல்லாரும் சுற்றி நிற்பார்கள். தவணையின் ஏழாவது வாரத்தில் அதைத் தொடப்போவது யார் என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஒருவரை மனத்தில் வைத்துத் தேவைக்குறிப்பு எழுதுவது

2012-இல் தேசியப் பூங்காக் கழகம் 26 பிராம்ப்டன் மடக்கு மிதிவண்டிகளை 57,200 வெள்ளிக்கு வாங்கிய விவகாரம் பலருக்கும் நினைவிருக்கும். ஒன்றின் விலை 2,200 வெள்ளி. அறிவிப்பு சில நாட்களே திறந்திருந்தது. விலை சொன்னவர் ஒரே ஒருவர். பள்ளிக்கும் அதற்கும் தொடர்பில்லைதான். ஆனாலும் தேவைக்குறிப்பு எழுதும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

செய்து காட்டிய விற்பனையாளரின் விவரத்தாளில் உள்ள எடை, அளவு, நிறம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து எழுதினால், அந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் போட்டிக்கு வரமுடியாது. பெரும்பாலும் இதில் கெட்ட எண்ணமெல்லாம் இருப்பதில்லை, நேரமின்மைதான் காரணம். “40 பேர் வகுப்பில் இருவருக்கு ஒன்றாக, 50 நிமிடத்துக்குள் எடுத்து, பயன்படுத்தி, திரும்ப அடுக்கிவைக்கக்கூடியதாக இருக்கவேண்டும்” என்று நடக்கவேண்டிய காரியத்தை எழுதினால், நமக்குத் தெரியாத ஒரு சிறு நிறுவனம் இன்னும் நல்ல வழியோடு வரக்கூடும். டிசம்பர் விடுமுறையில் மூன்று நாள் அறிவிப்பைத் திறந்து மூடினால் அவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

இதோடு ஒட்டிய இன்னொன்று, ஒரே கொள்முதலைத் துண்டு துண்டாக உடைத்து, எளிய நடைமுறைக்கான தொகை வரம்புக்குக் கீழே கொண்டுவருவது. வேலை சீக்கிரம் முடியும் என்று செய்கிறார்கள். இது விதிமீறல், பேச்சுக்கே இடமில்லை. மொத்தமாகக் கேட்டால் கிடைத்திருக்கக்கூடிய விலைக்குறைப்பும் போய்விடுகிறது.

விலைச்சீட்டை மட்டும் பார்ப்பது

ஆகக் குறைந்த விலைதான் வெல்லவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்ற நிம்மதி இருக்கிறதே, அது பொல்லாதது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மென்பொருள், மாணவருக்கு ஆண்டுக்கு 12 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் 1,200 மாணவர். ஆண்டுக்கு 14,400, மூன்று ஆண்டுக்கு 43,200 வெள்ளி. உண்மையில் அதைப் பயன்படுத்தப்போவது உயர்நிலை ஒன்றும் இரண்டும் மட்டும், 600 பேர். பாதிப் பணம் யாரும் திறக்காத கணக்குகளுக்குப் போகிறது. போட்டியாளரின் உரிமம் 15 வெள்ளியாக இருந்து, தேவையான 600 பேருக்கு மட்டும் வாங்க முடிந்தால் மூன்று ஆண்டுக்கு 27,000. விலைச்சீட்டில் அதிகம், மொத்தத்தில் குறைவு. இதே வேலையைச் செய்யும் வசதி, எல்லாப் பள்ளிகளும் 2018 முதல் பயன்படுத்தும் மாணவர் கற்றல் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் அந்த 27,000-உம் மிச்சமாகலாம்.

பொருளாக வாங்கும்போது மின்கலம், உதிரிப்பாகம், பழுதுபார்ப்பு, ஆசிரியருக்கான பயிற்சி நேரம் எல்லாம் கணக்கில் வரவேண்டும். நம் ஊர்ப் புழுக்கமும்தான். குளிர்நாட்டுப் பள்ளிக்காகச் செய்த கருவி, காற்றாடி மட்டும் ஓடும் வகுப்பறையில் என்ன ஆகும் என்பதை ஆய்வுக்கூட உதவியாளரைக் கேட்டால் ஒரே நிமிடத்தில் சொல்வார். அவரை யாரும் கேட்பதில்லை.

மார்ச் மாத அவசரம்

பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அரசாங்க நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. இந்த மூன்று மாத இடைவெளி எத்தனையோ வீண் கொள்முதல்களுக்குத் தாய். பிப்ரவரி கடைசியில் மிச்சத் தொகை கண்ணில் படும். செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு குறைத்துவிடுவார்களோ என்ற பயம் வரும். நாற்காலி, ஒலிபெருக்கி, பரிசுப்பொருள் என்று வாங்கித் தள்ளுவார்கள். இதற்கு மருந்து, செப்டம்பரிலேயே ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டியதை முக்கியத்துவ வரிசையில் எழுதிவைப்பது. மிச்சம் வந்தால் அந்தப் பட்டியலின் அடுத்த வரிக்குப் போகலாம், கடைக்குப் போகவேண்டாம்.

தமிழில் சோதித்துப் பார்க்காமல் வாங்குவது

இதை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

புதிய மென்பொருளைப் பள்ளியில் சோதிக்கும்போது ஆங்கிலத்தில் சோதிப்பார்கள். சீனத்தில் சோதிப்பதும் உண்டு. தமிழ் ஆசிரியர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், அவர்களைக் கூப்பிடாமலே முடிவாகிவிடும். பிறகு தமிழ் வகுப்பில் திறந்தால் “கொ” என்பது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடக்கும். திரையில் சரியாகத் தெரிந்தாலும் அச்சுக் கோப்பாக மாற்றினால் உடையும். உரக்க வாசிக்கும் வசதி தமிழைக் கண்டதும் மௌனமாகிவிடும். பேச்சைக் கேட்டு மதிப்பெண் போடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு நம் பிள்ளைகள் பேசும் சிங்கப்பூர்த் தமிழ் பிடிபடாது. விசைப்பலகை இன்னொரு தலைவலி: பிள்ளைக்குத் தெரிந்தது அஞ்சல் முறை, சாதனத்தில் இருப்பது தமிழ்99.

இத்தனைக்கும் தமிழ் இணையத்தின் தொட்டில்களில் ஒன்று இந்த ஊர். தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். முதல் தமிழ் இணைய மாநாடு 1997-இல் இங்கேதான் நடந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மாணவரின் சான்றிதழில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாக அச்சாகி வந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

தீர்வுக்குச் செலவே இல்லை. தேவைக்குறிப்பில் “நான்கு மொழிகளிலும் தட்டச்சு, தேடல், அச்சு, வாசிப்பொலி வேலை செய்யவேண்டும், ஒப்பந்தத்துக்கு முன் பள்ளியின் சாதனத்திலேயே செய்து காட்டவேண்டும்” என்று ஒரு வரி. சோதனை நாளில் தமிழ் ஆசிரியரோடு இரண்டு மாணவர்களையும் அழைத்து, ஒரு பத்தி தட்டச்சு செய்யச் சொன்னால் அரைமணி நேரத்தில் எல்லாம் வெளுத்துவிடும்.

எடுசேவ் என்றால் இலவசம் என்று நினைப்பது

மேம்பாட்டு வகுப்புக்கான செலவை, அரசாங்கம் மாணவர் பெயரில் பணம் போடும் எடுசேவ் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டால் பெற்றோர் முணுமுணுக்க மாட்டார்கள் என்பது பள்ளிகளில் ஊறிப்போன எண்ணம். தொடக்கப்பள்ளி மாணவருக்கு ஆண்டுக்கு 230 வெள்ளி, உயர்நிலை மாணவருக்கு 290 வெள்ளி கணக்கில் சேர்கிறது. செலவழியாத தொகை பின்னர் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்குப் போகும். தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ கட்டணமாகப் பயன்படும். ஆக, ஒரு பிற்பகல் களிமண் பட்டறைக்கு இன்று 60 வெள்ளி எடுத்தால், அது அந்தப் பிள்ளையின் பிற்காலக் கட்டணத்திலிருந்து எடுத்தது. நிலையான அனுமதிப் படிவத்தில் என்றோ ஒருமுறை கையெழுத்திட்ட பெற்றோருக்குப் பணம் போவதே தெரிவதில்லை.

எடுசேவ் குடிமக்களுக்கு மட்டுமே என்பது இன்னொரு பக்கம். நிரந்தரவாசிகளாகவும் வேலை அனுமதியிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. அதே பட்டறைக்கு அந்த வீட்டில் ரொக்கம் கொடுக்கவேண்டும். விலையைப் பேசும்போது “யாருமே கையிலிருந்து கொடுக்கப்போவதில்லை” என்று நினைத்துக்கொண்டு பேசினால் அந்தப் பிள்ளைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். வசதி குறைந்தோருக்கு நிதி உதவித் திட்டத்தில் பாடநூலும் சீருடையும் கிடைக்கும், சரி. பள்ளி தன்னிச்சையாகச் சேர்க்கும் சின்னச் சின்னப் பொருள்கள்தான் குடும்பத்தை அரிக்கும்: தனிச் சின்னம் பொறித்த பை, முகாமுக்கென்று ஒரு சட்டை, ஒரே கடையில் மட்டும் கிடைக்கும் பயிற்சிப் புத்தகம்.

தரவையும் வெளியேறும் வழியையும் மறப்பது

எல்லா உயர்நிலை மாணவரும் சொந்தமாகக் கற்றல் சாதனம் வைத்திருக்கவேண்டும் என்ற திட்டம், 2028 வரை போயிருக்கவேண்டியது, கொவிட் காரணமாக 2021-க்கே முன்னுக்கு வந்தது. சாதனங்களைக் கட்டுப்படுத்த மொபைல் கார்டியன் என்ற செயலி பயன்பட்டது. 2024 ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் தளத்தில் நடந்த ஊடுருவலில் 5 தொடக்கப்பள்ளிகள், 122 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த பெற்றோர், ஊழியர்களின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் கசிந்தன. ஆகஸ்ட் மாதம் அதைவிடப் பெரிய அடி. 26 உயர்நிலைப் பள்ளிகளின் சுமார் 13,000 மாணவர்களுடைய சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. ஆண்டிறுதித் தேர்வு நெருங்கும் வேளையில் குறிப்புகளை இழந்த பிள்ளைகள் இருந்தார்கள். கல்வி அமைச்சு எல்லாச் சாதனங்களிலிருந்தும் செயலியை அகற்றியது.

அது அமைச்சு அளவில் நடந்த ஏற்பாடு. பள்ளி தானாகவே வாங்கும் சின்னச் செயலிகளுக்கு அந்த அளவு பரிசோதனைகூட நடப்பதில்லை. ஒரு வினாடி வினாச் செயலிக்குப் பிள்ளையின் முழுப்பெயரும் பிறந்த தேதியும் எதற்கு? ‘மாணவர் 17’ என்று பதிந்தால் போதாதா? இதைக் கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி ஒப்பந்தத்தில் இருக்கிறது: தரவு எங்கே இருக்கும், ஊடுருவல் நடந்தால் எத்தனை மணி நேரத்தில் சொல்வார்கள், ஒப்பந்தம் முடிந்தால் மாணவர் செய்த வேலைகளை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள், பிறகு தங்களிடம் இருப்பதை எப்போது அழிப்பார்கள். மாணவர் எழுதியதெல்லாம் வெளியே எடுக்க முடியாத வடிவில் சிக்கியிருந்தால், அடுத்த ஆண்டு விலையை 30 விழுக்காடு உயர்த்தினாலும் பள்ளி தலையாட்டத்தான் வேண்டும்.

வாங்கியபின் திரும்பிப் பார்க்காதது

புதுப்பிப்புக் கடிதம் வந்ததும் கையெழுத்துப் போடுவது எல்லாவற்றிலும் எளிது. அதற்கு மூன்று மாதம் முன்பே விற்பனையாளரிடம் பயன்பாட்டுப் பதிவைக் கேளுங்கள்: எத்தனை மாணவர், எந்தெந்த வாரம், எவ்வளவு நேரம். உணவக ஒப்பந்தமென்றால் வாளியில் கொட்டப்படும் உணவைப் பாருங்கள், பிள்ளைகளின் கருத்துப் படிவத்தைவிட அது நேர்மையானது. மேம்பாட்டு வகுப்பென்றால், வகுப்பின் மூலையில் உட்கார்ந்திருந்த ஆசிரியரைக் கேளுங்கள். பயிற்றுநர் எத்தனை முறை மாறினார் என்பது அவருக்குத்தான் தெரியும். பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருப்பவர்களும் இந்தக் கேள்விகளைப் பள்ளி முதல்வரிடம் தாராளமாகக் கேட்கலாம். யார் வென்றார், என்ன விலை என்ற விவரம் பலவற்றுக்கு ஜீபிஸில் எல்லாரும் பார்க்கும்படியே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் போனால், கூட்டத்தில் பேச்சு வெறும் குறைசொல்லலாகப் போகாது.